புதுப்பொண்ணுக்கு ரெண்டு கழுத்து

ஜனவரி 9

பெயிண்ட் கடைக்காரர் வருஷா வருஷம் லாசர் அண்ணாவுக்கு ஒரு டைரி கொடுப்பார். அண்ணா வருஷா வருஷம் அதன் மேல் பசை டப்பா வைப்பார். இந்த வருஷம் என் கையில் கொடுத்துவிட்டார். "நீ பேசற பேச்சுல எனக்கு சுருதி நிக்க மாட்டேங்குது குமுதா. சொல்லணும்னு தோணறத இதுல எழுதிக்கோ. புண்ணியமாப் போவும்."

ஆகவே முதல் விஷயம். அண்ணா இன்றைக்குச் சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு வந்தார். சொல்லவில்லை. எழுதிவிட்டேன்.

ஜனவரி 10

டைரி என்றால் முதலில் நாம் யார் என்று எழுத வேண்டுமாம். என் மகள் வினோதா சொன்னாள். அவள் மருந்துக் கடையில் வேலை செய்கிறாள், அதனால் எல்லாம் தெரியும் என்று நினைப்பு.

நான் குமுதவல்லி. அஞ்சாங்கிளாஸ். பீச்சாங்கைக்காரி. டீச்சர் அடித்ததில் எழுதுவது மட்டும் சோற்றுக்கையில், மற்றதெல்லாம் இடது. பெரம்பூரில் லாசர் அண்ணாவின் கிதார் பட்டறையில் தேய்க்கிற வேலை. அவர் செதுக்குவார். நான் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வார்னிஷ் அடித்து, முகம் தெரிகிற மாதிரி ஆக்குவேன். முன்னே கட்டில், பீரோ தேய்த்தேன். கிதார் கட்டிலைவிட மேல். யாரும் ஏறிப் படுப்பதில்லை.

அண்ணா எல்லா கிதாரும் ரிப்பேர் செய்வார். ஆனால் புதிதாகச் செய்வது பாஸ் கிதார் மட்டும், அதுவும் ஒரே ஆளுக்கு. பாட்டுக்கு அடியில் தும் தும் என்று வயிற்றில் வந்து இடிக்குமே, அதுதான் பாஸ். நாலு தடிக் கம்பி. அதில் பேர் போனவர் ரெக்ஸ் தனராஜ். அவர் வாசிக்காத படப்பாட்டு குறைவு. அவரிடம் இருக்கிற இரண்டு பாஸும் இந்தப் பட்டறையில் பிறந்தவை. அதே மாதிரி மூன்றாவது ஒன்று உலகத்தில் கிடையாது. நான் அவற்றுக்கு மூத்தாள், இளையாள் என்று பேர் வைத்திருக்கிறேன். ரெக்ஸ் சார் காதுக்குப் போய், விழுந்து விழுந்து சிரித்தாராம்.

மார்ச்சில் அவருக்கு ஒரு பெரிய மேடைக் கச்சேரி. அதற்கு மூன்றாவது பாஸ் கேட்டிருக்கிறார். புதுப்பொண்ணு வருகிறாள்.

ஜனவரி 15

பொங்கல். பால் சொம்பு கையை விட்டு நழுவிவிட்டது. "பாரு, நம்ம வூட்ல தரையிலயும் பொங்கிச்சு" என்றேன். வினோதா சிரிக்கவில்லை. இந்த மாசத்தில் எத்தனாவது தடவை என்று கேட்டாள். சொம்புக்கு எண்ணெய்ப் பிசுக்கு என்றேன்.

ஜனவரி 21

அண்ணாவுக்கென்று ஒரு முறை உண்டு. பாஸின் கழுத்தை, அதாவது இடது கை பிடிக்கிற நீளக் கட்டையை, செதுக்குமுன் வாசிக்கிறவர் கையை மண்ணில் எடுப்பார். கொசப்பேட்டையில் பிள்ளையார் செய்கிறவர்களிடம் களிமண் வாங்கி, பிசைந்து, ஒரு மரச்சட்டத்தில் அப்பி, "வாசிக்கிற மாதிரி புடிங்க" என்பார். கட்டைவிரல் எங்கே குந்துகிறது, உள்ளங்கை எவ்வளவு ஒட்டுகிறது, நாலு விரலும் எவ்வளவு அழுத்துகிறது, எல்லாம் மண்ணில் விழுந்துவிடும். காய்ந்ததும் அந்தப் பள்ளம் பார்த்துத்தான் அரத்தைக் கையில் எடுப்பார். ஜாக்கெட்டுக்கு அளவு எடுக்கிற மாதிரி.

வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் ரெக்ஸ் சாரிடம் எங்கள் பாஸைச் சும்மாவே வாசியுங்கள் என்று கெஞ்சியும், "லாசர் பண்றதுதான் என் கைக்குச் சரி" என்று அனுப்பிவிட்டாராம். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் பட்டறை நடக்கிறது. அந்த வார்த்தை இந்த மண்ணில் இருக்கிறது.

மூத்தாளுக்கும் இளையாளுக்கும் சாரே வந்து உட்கார்ந்து மண்ணைப் பிடித்தார். இளையாளுக்குப் பிடித்தபோது கை கழுவத் தண்ணீர் ஊற்றியது நான். இந்த முறை வரவில்லை. மேனேஜர் தயாளன் வந்து, சட்டத்தை ஈரத்துணியில் சுற்றிக் காரில் எடுத்துப்போனார். சாயங்காலமே திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். சாருக்கு ரெக்கார்டிங் நெருக்கடியாம்.

மிச்ச மண்ணை வீணாக்குவானேன்? நானும் ஒரு சட்டத்தில் அப்பி, ரெக்ஸ் சார் மாதிரிக் கண்ணை மூடி, தலையை ஆட்டி, இடது கையால் பிடித்தேன். "அண்ணா, நாலாவது சம்சாரம் என் அளவுக்கு." 

"உனக்கு எதுக்கு பாஸு? உன் வாயிலயே நாலு கம்பி கீது."

இரண்டு சட்டத்தையும் ஜன்னல் பலகையில் காயவைத்தேன். என்னுடையதில் மோதிரவிரலும் சுண்டுவிரலும் பதியவில்லை. மண் அதற்குள் இறுகிப்போயிருக்கும்.

ஜனவரி 24

பூனை செய்த வேலை. காலையில் வந்தால் ஜன்னல் பலகையில் ஒன்றுதான் இருந்தது, இன்னொன்று கீழே தூள் தூளாக. கூட்டிக் குப்பையில் போட்டேன். நல்லவேளை, போனது என்னுடையது. மிஞ்சின சாருடையதை அண்ணா பத்திரமாக மேசைக்கு எடுத்துப் போய்விட்டார். 

நாலாவது சம்சாரம் தாலி கட்டுமுன்பே போய்ச் சேர்ந்தாள்.

பிப்ரவரி 2

அண்ணா செதுக்குகிறார். இந்த நாட்களில் யார் பேசினாலும் அவருக்குக் காதில் ஏறாது. அதனால் அவர் மீசையில் மரத்தூள் ஒட்டியிருப்பதைப் பற்றி முழுசாகப் பேசித் தீர்த்தேன். 

ஒரு தடவை மட்டும் தானாக வாய் திறந்தார். "ரெக்ஸு இந்தவாட்டி பூ மாதிரி புடிச்சிருக்கான். வயசாவ வயசாவ கை பக்குவப்படுது."

பிப்ரவரி 7

வினோதா ஒரு டியூப் மருந்து கொண்டுவந்து தடவச் சொன்னாள். இரண்டு விரல் கொஞ்சம் தூங்குகிறது, அவ்வளவுதான். விரலுக்கும் ஓய்வு வேண்டாமா? டாக்டரிடம் போகலாமாம். போனால் ஊசி போடுவார்கள், ஊசி போட்டால் மூன்று நாள் வேலைக்குப் போக முடியாது. புதுப்பொண்ணுக்கு யார் பவுடர் போடுவது?

பிப்ரவரி 12

கழுத்துக்குக் குறுக்கே போகிற ஃப்ரெட் கம்பிகள் எல்லாம் அடித்தாகிவிட்டது. கழுத்தை நாலு ஸ்க்ரூ போட்டுப் பலாக்கட்டை உடம்பில் பொருத்திப் பார்த்தார். நேராக உட்கார்ந்தது. இனி என் கைக்கு வரும்.

பிப்ரவரி 16

எழுத வேண்டாம் என்று பார்த்தேன். சொல்லவும் முடியவில்லை, அதனால் இதில்தான் வைக்க வேண்டும்.

தேய்க்கும்போது வளைவு மாறிவிடக்கூடாது என்று அண்ணா மண்சட்டத்தையும் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். அதை அப்போதுதான் கிட்டத்தில் பார்த்தேன். கட்டைவிரல் பள்ளம் இருக்கிறது. ஆள்காட்டி விரல், நடுவிரல் இருக்கிறது. மற்ற இரண்டு விரலுக்கு மண் மேல் லேசாகத் தடவின மாதிரி ஒரு கோடு. அவ்வளவுதான்.

இது ரெக்ஸ் சார் கை இல்லை. ரெக்ஸ் சார் இளையாளுக்குப் பிடித்த மண்ணைப் பார்த்தவள் நான். சுண்டுவிரல் நகம் வரை பதிந்திருந்தது. 

இது யார் கை என்று எனக்குத் தெரியும்.

அப்படியானால் குப்பையில் போனது சாருடையது. அண்ணா வாரக்கணக்கில் உட்கார்ந்து செதுக்கியது என் கைக்கு.

பிப்ரவரி 17

சொல்லவில்லை.

பிப்ரவரி 18

இன்றைக்கும் சொல்லவில்லை. தேய்க்கவும் இல்லை, தேய்ப்பது மாதிரி உட்கார்ந்திருந்தேன். அண்ணா என் பக்கம் திரும்பி, "இன்னாம்மா, வாய் ரிப்பேரா?" என்றார். சட்டையை இன்றைக்குச் சரியாகத்தான் போட்டிருந்தார். கிண்டல் செய்ய ஒன்றுமில்லை.

சொன்னால் என்னை நிறுத்திவிடுவார். சொல்லாவிட்டால் அத்தனை பேர் முன்னால் மேடையில் ரெக்ஸ் சாருக்குக் கை வழுக்கும். லாசர் பண்றதுதான் சரி என்ற அந்த வார்த்தை அன்றோடு போய்விடும். கட்டில் தேய்க்கிற இடத்தில் என்னைத் திரும்பச் சேர்ப்பார்களா என்று யோசித்தேன். சேர்த்தாலும் இந்தக் கையை வைத்துக்கொண்டு, சரி, அது வேறு.

பிப்ரவரி 19

சொல்லிவிட்டேன்.

அண்ணா கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். சட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 

"உன்னுதுன்னு எப்படித் தெரியும்?"

"என் கை எனக்குத் தெரியாதாண்ணா?"

"அதான் எப்படின்னு கேக்கறேன்."

தெரியும் என்று மட்டும் சொன்னேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. 

புதிதாக மண் பிடித்து வாங்கலாம் என்று தயாளனுக்குப் போன் போட்டார். சார் வெளியூர், கச்சேரிக்கு நாலைந்து நாள் முன்னால்தான் வருவார், மறுபடியெல்லாம் கேட்க முடியாது என்றாராம் தயாளன். பழைய அளவு இருக்குமே, அதே கைதானே என்றாராம். 

இருக்கிறது. இளையாளுக்கு எடுத்த மண்ணை அண்ணா பிஸ்கட் டின்னில் பஞ்சு சுற்றி வைத்திருக்கிறார். வெளியே எடுத்துத் துடைத்தார். நாலு விரலும் உழுது வைத்த மாதிரிப் பதிந்திருந்தது. எனக்கும் மூச்சு வந்தது. 

புதுக் கட்டையை அறுக்க ஆரம்பித்துவிட்டார். முதல் கழுத்தை என் பக்கம் தள்ளி, "எடுத்துக்கினு போய் துணி காயப்போடு" என்றார். என்னைப் போ என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை.

பிப்ரவரி 23

அண்ணா சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. நான் டீ வாங்கி வைத்தேன், ஆறிப்போனது. எடுத்துவிட்டு இன்னொன்று வைத்தேன். அதுவும் ஆறியது. மூன்றாவதை நான் குடித்துவிட்டேன்.

பிப்ரவரி 26

நல்ல மரத்தைச் சும்மா தூக்கிப்போட மனசு வரவில்லை. அண்ணா செதுக்குகிற நேரத்தில் எனக்கு வேலையும் இல்லை. அந்த முதல் கழுத்தையே தேய்த்து முதல் பூச்சு வார்னிஷ் அடித்தேன். 

காய்ந்தபின் பிடித்துப் பார்த்தேன். என் கைக்குச் செய்ததாயிற்றே. ஆனால் கட்டைவிரல் குந்துகிற இடத்துக்கு என் கட்டைவிரல் எட்டவில்லை, அரை விரற்கடை வெளியே கிடக்கிறது. அண்ணாவுக்கும் வயசாகிறது. அரம் நழுவியிருக்கும்.

மார்ச் 3

ஜாக்கெட் கொக்கி போட வினோதாவைக் கூப்பிட வேண்டியதாயிற்று. "உங்கம்மா குண்டாயிட்டா" என்றேன். "குண்டானா ஜாக்கெட்டுதான் பத்தாது. விரல் ஏன்மா மடங்க மாட்டேங்குது?" என்றாள். மருந்துக் கடையில் இதையெல்லாமா சொல்லிக்கொடுக்கிறார்கள்?

மார்ச் 8

இரண்டாவது கழுத்தும் முடிந்தது. மூன்று நாளாக வலது கையால் தேய்த்தேன். கோணலாக வந்த இடத்தை அண்ணா பார்க்குமுன் திரும்பத் தேய்த்தேன். அவர் பார்த்தார் என்று நினைக்கிறேன். ஒன்றும் கேட்கவில்லை. கம்பி பூட்டி, சுருதி வைத்து, ஒரு தட்டு தட்டினார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பூனை ஓடிவிட்டது. 

நாளை மறுநாள் ரெக்ஸ் சார் வருகிறார்.

மார்ச் 9

தூக்கமில்லை, பசியில்லை. பெண் பார்க்க வருகிற வீடு மாதிரிப் பட்டறையைக் கழுவினேன். அண்ணா தலைக்கு மை பூசிக்கொண்டு வந்தார். காதிலும் கொஞ்சம் பூசியிருந்தார். இதைச் சொல்லாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று இந்த டைரிக்குத்தான் தெரியும்.

மார்ச் 10

நிதானமாக எழுதுகிறேன். ஒன்றும் விட்டுப்போகக்கூடாது.

ரெக்ஸ் சார் பதினொரு மணிக்கு வந்தார். தலை முழுக்க வெளுத்திருந்தது. "எங்கம்மா என் புதுப்பொண்ணு?" என்று என்னைத்தான் முதலில் கேட்டார். "மாப்பிள்ளை இவ்ளோ லேட்டா வந்தா பொண்ணு கோச்சுக்கும் சார்" என்றேன். சிரித்தார். உட்கார்ந்து மடியில் வாங்கிக்கொண்டார்.

வாசித்தார். அந்தச் சத்தம் தரை வழியாக என் காலுக்குள் வந்தது. நல்லாத்தான் போய்க்கொண்டிருந்தது. கை மேலே போய் இறங்குகிற இடத்தில் ஒரு சத்தம் வரவில்லை. வர வேண்டிய இடத்தில் பொட் என்று அமுங்கியது. திரும்ப அதே இடம். திரும்ப பொட். நிறுத்திவிட்டு, "அழகா இருக்கு லாசர், கொஞ்சம் பழகணும்" என்றார். துண்டால் நெற்றியைத் துடைத்தார். வெயில்கூட இல்லை. 

அண்ணா முகம் சாம்பலாகிவிட்டது. அவருக்குத் தெரியும், பழக வேண்டிய பாஸை அவர் செய்வதில்லை.

நான் டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். சார் இடது கையால் வாங்கினார். கட்டைவிரல், இரண்டு விரல், அவ்வளவுதான் தம்ளரில். மோதிரவிரலும் சுண்டுவிரலும் மடங்கிக்கொண்டு சும்மா பக்கத்தில் நின்றன. தம்ளர் சாய்ந்தது. சாய்வதற்கு முன்பே வலது கையை அடியில் கொடுத்தார். பழகின கை. நானும் அப்படித்தான் கொடுப்பேன்.

அப்படியானால் பூனை உடைத்தது என் மண்ணைத்தான். உள்ளே போய் முதல் கழுத்தை எடுத்து வந்தேன். அண்ணா, "குமுதா, சும்மா இரு" என்றார். நான் சும்மா இருந்தால் அது வேறு யாரோ. 

"சார், புதுப்பொண்ணுக்கு ரெண்டு கழுத்து. இதையும் ஒருவாட்டி புடிச்சுப் பாருங்க."

சார் பிடித்தார். கட்டைவிரல் அந்த இடத்தில் போய்க் குந்தியது, எனக்கு எட்டாத இடத்தில். பின்பக்கம் தட்டையாக, மெலிசாக இருந்ததால் கடைசி இரண்டு விரலும் சிரமப்படாமல் மேலே படுத்துக்கொண்டன. சார் கையை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தார். 

"லாசர், இது யார் கை?"

அண்ணா என்னைப் பார்த்தார். நான் சொன்னேன், "உங்க கைதான் சார். நாங்கதான் நம்பல."

அண்ணா ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். கம்பியைக் கழற்றி, நாலு ஸ்க்ரூவைக் கழற்றி, சுருதிச் சாவிகளை மாற்றிப் பூட்டினார். அவர் கண் அவ்வளவு சிவப்பாக இருந்து நான் பார்த்ததில்லை. பூ மாதிரிப் பிடித்திருக்கிறான் என்று சொன்னவர் அல்லவா.

அவர் வேலையாக இருக்கும்போது சார் என்னை ஜன்னல் பக்கம் கூப்பிட்டார். மெதுவாகக் கேட்டார், "உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"தெரியல சார். அந்த மண்ணு என்னுதுன்னு நெனச்சிட்டேன். அதான் வம்பே."

"உங்களுதுன்னு ஏன் நெனச்சீங்க?"

அண்ணா கேட்ட அதே கேள்வி. அவரிடம் சொல்லாமல் போனது மாதிரி இங்கே போக முடியவில்லை. என் கையைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பையிலிருந்து ஒரு பில் காகிதத்தைக் கிழித்து, என் மோதிரவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் வைத்து, இறுக்கிப் பிடிங்க என்றார். பிடித்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தேன். அவர் இழுத்தார். காற்றில் பறக்கிற மாதிரிப் போய்விட்டது. அதே காகிதத்தைத் தன் இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, இழுங்க என்றார். இழுத்தேன். அதுவும் அப்படியே வந்துவிட்டது.

"முழங்கைல ஒரு நரம்பு அமுங்குதாம். வருஷக்கணக்கா கைய மடக்கியே வேலை செஞ்சா வருமாம். ரெண்டு வருஷம் நான் யார்கிட்டயும் சொல்லல. சொன்னா ரெக்கார்டிங் போயிடும்னு பயம். ஜோக் அடிச்சே ஓட்டினேன். இப்ப டாக்டர் சொல்றார், முன்னாடியே வந்திருந்தா முழுசா சரியாகியிருக்கும்னு." துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "நீங்களும் நல்லா ஜோக் அடிக்கிறீங்க."

அந்தக் காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். 

பிறகு வாசித்தார். அதே இடம். கை மேலே போய் இறங்கியது. அந்தச் சத்தம் வந்தது.

மார்ச் 11

வினோதாவிடம் சொன்னேன். சிரிப்பாகச் சொல்ல ஆரம்பித்தேன், நடுவில் அழுதுவிட்டேன். அவள் திட்டவே இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 15

கச்சேரியை வினோதாவின் போனில் பார்த்தோம். கூட்டம் முழுக்கக் கத்துகிறது. எல்லாரும் ரெக்ஸ் சார் முகத்தைப் பார்த்திருப்பார்கள். பட்டறையில் அண்ணாவும் நானும் சுண்டுவிரலையே பார்த்துக்கொண்டிருந்தோம். 

ஓரிடத்தில் அது தவறியது. நடுவிரல் எட்டிப் போய் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. அண்ணா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஏப்ரல் 2

கையில் ஊசி குத்தி கரண்டு விட்டுப் பார்த்தார்கள். மீன் மார்க்கெட்டில் நண்டு பிடித்த மாதிரி இருந்தது. டாக்டர் சின்னப் பெண். வந்த வரைக்கும் நல்லது என்றாள். முழுசா சரியாகுமா என்று கேட்டேன். ஆபரேஷன் செய்து பார்க்கலாம் என்றாள். பார்க்கலாம் என்ற வார்த்தையை வீடு வரைக்கும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஏப்ரல் 20

ஆபரேஷன் முடிந்தது, கட்டு போட்டிருக்கிறார்கள். வலி. லாசர் அண்ணா ஆரஞ்சு வாங்கி வந்தார், தானே உரித்துத் தானே முக்கால்வாசி சாப்பிட்டார். வேலைக்கு வேறு ஆள் பார்த்துவிட்டீர்களா என்று கேட்டேன். "பார்த்தேன். பேச மாட்டேங்கறான். எனக்கு வேலையே ஓடல" என்றார்.

மே 12

தையல் பிரித்தாகிவிட்டது. பட்டறைக்குப் போனேன். தேய்க்கக்கூடாதாம், சும்மா உட்கார வேண்டுமாம். அண்ணா கொசப்பேட்டை மண்ணைப் பிசைந்து ஒரு சட்டத்தில் அப்பிக் கொண்டுவந்து நீட்டினார். "புடி. மாசத்துக்கு ஒன்னு புடிச்சு வெப்போம். டாக்டரு சொல்றது சொல்லட்டும், எனக்கு மண்ணு சொல்லணும்."

பிடித்தேன். இரண்டு விரல் பதியவில்லை. அண்ணா சட்டத்தின் மேல் சாக்பீஸால் "குமுதா" என்று யானை சைஸில் எழுதினார். ஜன்னல் பலகையில் வைத்து, பூனை வராமல் வலையும் அடித்தார்.

ஜூன் 12

இரண்டாவது சட்டம். மோதிரவிரல் இருக்கிறது, லேசாக. சுண்டுவிரல் இல்லை. தேய்ப்பதற்கு ஒரு சின்னத் துண்டு கொடுத்தார். கால் மணி நேரம், அதற்குமேல் பிடுங்கிக்கொண்டார். ரெக்ஸ் சாரும் தன் வீட்டில் மண் பிடிக்கிறாராம். தயாளன் சொன்னார். எங்களுக்குள் போட்டி.

ஜூலை 12

மூன்றாவது சட்டம். காலையில் பிடித்து வைத்துவிட்டு அந்தப் பக்கமே போகவில்லை. வார்னிஷ் டப்பாக்களை அடுக்கினேன். அடுக்கினதைக் கலைத்து மறுபடி அடுக்கினேன். அண்ணாவின் சட்டை இன்றைக்கும் உள்வெளி. அதைக்கூடச் சொல்லவில்லை.

சாயங்காலம் அண்ணாதான் கூப்பிட்டார். சட்டத்தை வெளிச்சத்தில் திருப்பினார். கட்டைவிரல், ஆள்காட்டி, நடு, மோதிரம். அதற்கு அடுத்து, சுண்டுவிரல் இருக்க வேண்டிய இடத்தில், எள்ளு அளவுக்கு ஒரு குழி.

நகம் பட்டதாக இருக்கும் என்றேன். விரல்தான் என்கிறார் அண்ணா. இல்லை, நகம் என்றேன். அவர் பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்துவிட்டார். இருட்டுகிற வரைக்கும் இரண்டு பேரும் அந்த எள்ளை வைத்துக்கொண்டு சண்டை போட்டோம். 

அவர் ஜெயிக்க வேண்டும் என்று கடைசி வரை விட்டுக்கொடுக்காமல் சண்டை போட்டேன்.